அழுதால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதா?

கேள்வி: எனக்கு 29 வயது, இப்போது ஏழாம் மாதம். போன வருடம் பத்தாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. இந்த முறை ஸ்கேன் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர். ஆனாலும் ராத்திரி மூன்று மணிக்கு விழித்து, குழந்தை அசைகிறதா என்று வயிற்றில் கை வைத்தபடியே கிடக்கிறேன். ஒரு மாதமாகக் காரணமில்லாமல் அழுகை வருகிறது. வளைகாப்பு அன்றுகூட மனம் ஒட்டவில்லை. "நீ அழுதா பிள்ளைக்கு ஆகாது" என்று மாமியார் கண்டிக்கிறார். பிரசவம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாமா? மனநல மருத்துவரிடம் போனால் தருகிற மாத்திரை குழந்தையைப் பாதிக்குமா?

பதில்: நீங்கள் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. இதை முதலில் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். அழுகை, பயம், எரிச்சல் வந்துபோகாத கர்ப்பமே கிடையாது. ஆனால் வாரக்கணக்கில் விடாமல் தொடரும் மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டால் சாப்பாடு இறங்காது, தூக்கம் கெடும், செக்கப் தள்ளிப்போகும். கடுமையான மனச்சோர்வு சிகிச்சையில்லாமல் நீடிக்கும் பெண்களிடம் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் சற்று அதிகமாகக் காணப்படுகின்றன. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பத்து வாரக் கரு போனதை நம் வீடுகளில் இழப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. "அடுத்தது நல்லபடியா தங்கும்" என்று சொல்லி, மூன்றாம் நாளே அடுப்படிக்கு அனுப்பிவிடுவார்கள். அன்று அழ விடாத அழுகை அடுத்த கர்ப்பத்தில் பயமாகத் திரும்பி வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் சுமார் பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. நீங்கள் தூக்கிய குடமோ, போன வண்டிப் பயணமோ, பட்ட கவலையோ அதற்குக் காரணமில்லை. இதை உங்கள் டாக்டர் வாயாலேயே ஒருமுறை கேளுங்கள், கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

மூன்று மணி விழிப்புக்கு வருவோம். வயிற்றுக்குள் குழந்தை ஒரேயடியாக இருபது முதல் நாற்பது நிமிடம் தூங்கும். அந்த நேரத்தில் கை வைத்தால் அசைவு தெரியாது. உங்கள் குழந்தை எந்த நேரத்தில் துள்ளும், எப்போது அடங்கும் என்ற வழக்கம் இந்நேரம் உங்களுக்கே பிடிபட்டிருக்கும். அது தெளிவாகக் குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மற்றபடி ராத்திரி காவல் காக்க வேண்டியதில்லை. ஆன்லைனில் விற்கும் இதயத்துடிப்புக் கருவியையும் வாங்காதீர்கள். உங்கள் நாடித்துடிப்பையே குழந்தையுடையது என்று எண்ணி ஏமாற இடமுண்டு.

இது சாதாரண மனவருத்தமா, நோயா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்தே இருந்தால், பிடித்தது எதிலும் நாட்டமில்லாமல் போனால், கவனிக்க வேண்டிய கட்டம். உங்களுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. டாக்டர்கள் இதற்கு எடின்பரோ அளவுகோல் என்ற கேள்வித்தாளைப் பயன்படுத்துகிறார்கள். 1987இல் ஸ்காட்லாந்தில் உருவானது, தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்தே கேள்விகள். சிரிக்க முடிந்ததா, தேவையில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா, தூங்க முடியாத அளவுக்கு வருத்தமா என்று போகும். பத்தாவது, உங்களையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் அசதி, சோர்வு என்று மனச்சோர்வு மாதிரியே தோற்றம் காட்டும்.

இப்போது மாத்திரை. மிதமான மனச்சோர்வுக்குப் பேச்சு வழி சிகிச்சையே பல நேரம் போதும். பாகிஸ்தானின் ராவல்பிண்டி பகுதிக் கிராமங்களில், மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளுக்குச் சுகாதாரப் பணியாளர்களே வீடு தேடிப் போய் இந்தச் சிகிச்சையைக் கொடுத்தார்கள். 2008இல் வெளிவந்த முடிவில், குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது சிகிச்சை பெற்றவர்களில் 23 சதவீதத்தினருக்கு மட்டுமே மனச்சோர்வு நீடித்தது. பெறாதவர்களில் அது 53 சதவீதம். மாத்திரை தேவைப்பட்டாலும் பயப்பட வேண்டாம். செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் கர்ப்பிணிகளுக்குப் பல வருடங்களாகக் கொடுக்கப்பட்டு வருகின்றன. பிறந்த குழந்தைக்குச் சில நாள் லேசான நடுக்கமோ சிணுங்கலோ இருக்கலாம், தானாகச் சரியாகும். உண்மையில் தவிர்க்க வேண்டியது, வலிப்புக்கும் சில மனநோய்களுக்கும் தரும் வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகளை. ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கர்ப்பம் என்று தெரிந்ததும் தாங்களாகவே நிறுத்துவதுதான் ஆபத்து. டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

போய் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் பலருக்கும் உண்டு. செக்கப்பில் எடை, பிரஷர், வயிற்றளவு எல்லாம் பார்ப்பார்கள், மனசைக் கேட்கப் பெரும்பாலும் நேரமிருக்காது. நீங்களே ஆரம்பியுங்கள்: "டாக்டர், ஒரு மாசமா அழுகையாவே வருது, ராத்திரி தூக்கம் இல்லை." இந்த ஒரு வரி போதும், அங்கிருந்து அவர் கேட்டுக்கொள்வார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணமோ, யாரோ பேசுவது போன்ற குரலோ வந்தால் மட்டும் போனோடு நிற்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மாமியார் விஷயம். அவர் பயத்தில்தான் கண்டிக்கிறார் என்று நினைக்கிறேன். ஆனாலும் வீட்டுச் சூழல் சின்ன விஷயமில்லை. வேலூர் அருகே கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், 11 சதவீதத்தினருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்தது. மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், கைக்கு உதவியில்லாமை, ஆண் பிள்ளை வேண்டும் என்றிருந்த இடத்தில் பெண் பிறந்தது ஆகியவை அதோடு சேர்ந்து காணப்பட்டன. எனவே உங்கள் கணவர் அம்மாவிடம் பேசட்டும், நீங்கள் வாதாட வேண்டாம். பிரசவக் கதை சொல்ல வரும் உறவினர்களை வாசலிலேயே பேசி அனுப்பும் பொறுப்பும் அவருடையதே.

கர்ப்பத்தில் மனச்சோர்வு இருந்தவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின்னும் அது தொடர வாய்ப்பு அதிகம். தாய்வீட்டுக்குப் போவதென்றால், ராத்திரி ஒருவேளைப் பாலைப் பீய்ச்சி வைத்து வேறு ஒருவர் ஊட்ட, நீங்கள் தொடர்ந்து நாலைந்து மணி நேரம் தூங்க வழி உண்டா என்று அம்மாவிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.