புறநகர்ப் பிள்ளைகளைப் பற்றிக் கதை எழுத நம் ஊரில் என்ன இருக்கிறது?

புறநகரில் வளர்வதைப் பற்றிய இளையோர் கதைகள் அமெரிக்காவுக்குத்தான் சரிப்படும் என்று எழுத ஆசைப்படும் உங்களில் பலர் சொல்கிறீர்கள். நீங்கள் தாம்பரம், ஆவடிப் பக்கத்துக்காரராக இருக்கலாம். அமெரிக்காவில் 1947இல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற புறநகர் எழுந்தது. ஒரே அச்சில் வீடுகள், முன்னால் புல்தரை. அப்படிப்பட்ட தெருக்களிலிருந்து அந்தக் கதைகள் வந்தன. ஒரே அச்சில் கட்டிய வீடுகள் நமக்கும் உண்டு. நான் வளர்ந்தது ஊட்டிக்கு வெளியே, இந்து நகர் குவார்ட்டர்ஸில்.

அது இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசுத் தொழிற்சாலையின் குடியிருப்பு. அந்தத் தொழிற்சாலை 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்தியில் இறங்கியது. எக்ஸ்ரே பிலிம், கறுப்பு வெள்ளைப் பிலிம் தயாரித்தார்கள். வெளிச்சம் பட்டால் பிலிம் கெட்டுவிடும் என்பதால் பூச்சுப் பிரிவில் இருட்டிலேயே வேலை. என் அப்பாவுக்கு அங்கேதான். பகல் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சற்று நேரம் அப்படியே நிற்பார். பிறகு பிலிமுக்குத் தேவை குறைந்தது. விருப்ப ஓய்வு வாங்கிய குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கின. பள்ளி திறக்கும் நாளில் வருகைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்காது என்பதே எங்கள் பேச்சு. பன்னிரண்டு வயதுக்கு இதைவிடப் பெரிய கதை வேண்டுமா?

இதைச் சிறுநாவலாக எழுதி ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். "ஊட்டிக் கதையில் படகு இல்லம் எங்கே? ஒரு பேய் பங்களாவாவது வையுங்கள்" என்றார்கள். மறுத்துவிட்டேன். என் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். தேயிலைத் தோட்ட லைன் வீட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி மறுநாள் காலையில் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்: "கதையில் கீழே போனவள் கடிதம் போட்டாளா, டீச்சர்?"

மாயாஜாலக் கதைகளுக்கு நான் எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் மாணவர்கள் அவற்றையும் ஆசையாக வாசிக்கிறார்கள். வந்துபோகிறவர் கண்ணில் படுவது மட்டுமே மலைக்கதை ஆவதுதான் பொறுக்கவில்லை.

உங்கள் தெருவில் பெரியவர்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, யார் வீட்டைக் காலி செய்து போனார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். எழுதியதை முதலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். பதிப்பகம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.