பாமினி சட்டை

வணக்கம் சார்,
திருப்பாதிரிப்புலியூரில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் இருப்பது நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராதாம், 11 இதில் ஏறாதாம். விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடலாம் என்கிறான் மகன். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பதினைந்து வருடக் கல்யாணப் பத்திரிகைகள் கிடக்கின்றன, எல்லாம் பாமினி எழுத்துருவில். துணிந்து மாறலாமா?
– ச., கடலூர்

அன்புள்ள ச.,

மகன் சொல்வது சரிதான். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. 11-க்கான இன்டெல் பட்டியல் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. அதற்காக ஓடுகிற பெட்டியை எடைக்குப் போடுவானேன்? லினக்ஸில் எடை குறைந்த வகையான மின்ட் எக்ஸ்எஃப்சிஇ 4 ஜிபியில் ஓடும். முத்தியால்பேட்டையில் என் வீட்டு லேப்டாப் அதைவிடக் கிழடு. இந்தப் பதிலை அதில்தான் தட்டுகிறேன்.

உங்களைக் கட்டிப்போட்டிருப்பது விண்டோஸ் இல்லை, பாமினி. அதில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. மேலே பாமினி சட்டை மாட்டியிருப்பதால் தமிழாகத் தெரிகிறது. சட்டையைக் கழற்றினால் விண்டோஸிலும் அதே ஜே-கே-பி-ஓதான். எனவே அந்த எழுத்துருக் கோப்பை முதலில் பத்திரப்படுத்துங்கள். லினக்ஸிலும் அதை நிறுவலாம். லினக்ஸில் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் ட்ரா என்ற மென்பொருள் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும், வடிவமைப்பு கொஞ்சம் கலையலாம். கலையட்டுமே, முடிந்த கல்யாணத்துக்கு யார் மறுபடி பத்திரிகை அடிக்கப் போகிறார்கள்? 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கும் பத்துப் பதினைந்து மாதிரிகளை மட்டும் கன்வெர்ட்டரில் போட்டு, கோப்பிலேயே தமிழ் எழுத்தாகப் பதியும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் போதும். புது வேலைக்கு, பேஜ்மேக்கர் போன்ற ஸ்கிரைபஸ் 1.6 போடுங்கள். பழைய 1.4-இல் 'கெ', 'கே'யில் வரும் கொம்பு, எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்று மானத்தை வாங்கும். டைப்ரைட்டர் விசைப்பலகை அமைப்பும் லினக்ஸில் உண்டு, விரல்கள் புதிதாகப் பழக வேண்டாம்.

விண்டோஸை உடனே அழித்துவிடாதீர்கள். ஒரே டிஸ்க்கில் இரண்டும் இருக்கட்டும். பேஜ்மேக்கர் வேலை வந்தால், அப்டேட் இல்லாத விண்டோஸ் என்பதால் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு அதற்குப் போங்கள். நானும் அப்படி இரண்டையும் வைத்திருந்தபோது ஒருநாள் லினக்ஸிலிருந்து டி டிரைவில் எதையுமே சேமிக்க முடியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க முட்டிக்கொண்டேன். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' செய்த வேலை: ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும், லினக்ஸும் டிரைவைப் படிக்க மட்டும் விடும். அதை அணைத்துவிடுங்கள்.

2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர்க்காரருக்கு பேக்கப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருந்தால் அது லினக்ஸில் நேரடியாக ஓடாது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றுதான் எனக்குக் கவலை: பிரிண்டர். டிடிபி கடைகளில் கிடக்கும் சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸோடு மல்லுக்கு நிற்கும். மின்ட்டை நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். அப்படி ஓட்டி, முதல் வேலையாக ஒரு பக்கம் பிரிண்ட் கொடுங்கள். தாள் வெளியே வந்ததா என்று எழுதுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.