டிக்கெட் கிளார்க் வேலைக்கு ஆறு லட்சம் கேட்கிறார்களா?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகளுக்கு ரயில்வேயில் டிக்கெட் கிளார்க் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் ஆறு லட்சம் கேட்கிறார், நகையை அடகு வைக்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 2022-இல் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 28 பேரிடம் இதே ஆசையைக் காட்டி 2.67 கோடி ரூபாய் பறித்தார்கள். புது டெல்லி ரயில் நிலையத்தில் ஒரு மாதம், தினமும் எட்டு மணி நேரம், வந்துபோகும் ரயில்களையும் பெட்டிகளையும் எண்ண வைத்து, அதுதான் பயிற்சி என்று நம்ப வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இந்த வேலைக்கு உங்கள் மகள் கட்ட வேண்டியது 250 ரூபாய் தேர்வுக் கட்டணம் மட்டுமே. முதல் தேர்வை எழுதிவிட்டால், வங்கிக் கட்டணம் போக அதுவும் கணக்குக்குத் திரும்பி வந்துவிடும்.

ரயில்வே தேர்வு வாரியம் தொழில்நுட்பம் சாராத பணிகளுக்கு நடத்தும் என்.டி.பி.சி. தேர்வுதான் இதற்கு வழி. பிளஸ் டூவில் 50 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த வரம்பு இல்லை. 2025 அறிவிப்பில் வயது 18 முதல் 30 வரை. முதல் தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்விகள். அதில் 40 பொது அறிவு. கணக்கும் ரீசனிங்கும் தலா 30. ஒவ்வொரு தவறான விடைக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். இரண்டாம் தேர்வில் 120 கேள்விகள். தமிழிலேயே எழுதலாம். இந்தப் பணிக்குத் தட்டச்சுத் தேர்வும் கிடையாது. அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய், அதற்கு மேல் படிகள்.

சரி, வேலை அவளுக்கு ஒத்துவருமா? நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும். கவுன்ட்டரில் உட்காருகிறவர் வேலை தொடங்கும் முன் தன் கையில் எவ்வளவு சொந்தப் பணம் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். ஷிஃப்ட் முடிந்ததும் கணினி காட்டும் தொகையும் பெட்டியில் உள்ள காசும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்த ஒரு பையன், முதல் மாதத்தில் பயணி நீட்டிய நூறு ரூபாய்த் தாளை இருநூறு என்று நினைத்து மீதி கொடுத்துவிட்டான். ரயில் வரப்போகிற நேரம், வரிசையில் நாற்பது பேர். இப்போது பயணி நீட்டிய தாளைப் பெட்டியில் போடாமல் மேசைமேல் வைத்துக்கொண்டு, மீதியைக் கொடுத்த பிறகுதான் உள்ளே போடுகிறானாம். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மளிகைக் கடைக் கணக்கை மகள்தான் பார்க்கிறாள் என்று எழுதியிருந்தீர்களே, அவளுடைய மதிப்பெண் பட்டியலைவிட எனக்கு அதுதான் நம்பிக்கை தருகிறது.

விசாரணைக் கவுன்ட்டரில் போட்டால் வேறு மாதிரி. ரயில் தாமதமானால் அத்தனை பேர் கோபமும் அந்தச் சின்ன ஜன்னலுக்குத்தான் வரும். ஒரே பதிலை நூறு தடவை முகம் சுளிக்காமல் சொல்ல வேண்டும். இரவு ஷிஃப்டும் உண்டு. தெற்கு ரயில்வேயின் ஆறு கோட்டங்களில் இரண்டு கேரளத்தில் இருக்கின்றன; பாலக்காட்டிலோ திருவனந்தபுரத்திலோ போட்டாலும் போக மனம் இருக்கிறதா என்று அவளிடமே கேளுங்கள்.

மெஷினும் செல்போன் ஆப்பும் வந்துவிட்டனவே என்ற உங்கள் கவலை நியாயமானதுதான். கவுன்ட்டர்கள் குறையத்தான் செய்யும். ஆனால் 2025 அறிவிப்பில் நாடு முழுவதும் இந்தப் பணிக்கு மட்டும் 2,424 இடங்கள் இருந்தன. பார்சல், சரக்குப் புக்கிங் என்று வணிகப் பிரிவில் வேறு வேலைகளும் உண்டு. ஆனாலும் இதை மட்டும் நம்பிப் படிப்பை நிறுத்த வேண்டாம். பி.காம். சேரட்டும். பட்டம் இருந்தால் டிக்கெட் சூப்பர்வைசர் பணிக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். அதன் அடிப்படைச் சம்பளம் 35,400.

அப்புறம், அவளுடைய ஆதாரையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இல்லையென்றால், இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய் ஆதாரைத் திருத்திவிடுங்கள்.