மைதானத்தில் கோகைன்: கேள்வி பதில்

இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டங்களில் பார்வையாளர்கள் போதைப்பொருள் பயன்படுத்துவது குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, மைதானப் பாதுகாப்புப் பணியில் நெடுங்காலம் இருந்த உறுப்பினர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: கால்பந்து ரசிகர் என்றால் பீர் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். கோகைன் எப்படி உள்ளே புகுந்தது?

பதில்: பீர் எங்கும் போய்விடவில்லை. கோகைன் அதனோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறது. காலையிலிருந்து குடிப்பவருக்கு மாலைக்குள் கண் சொக்கும். கோகைன் அந்தத் தள்ளாட்டத்தை மறைத்து, தெளிவாக இருப்பது போன்ற பொய்யான நம்பிக்கையைக் கொடுத்து, மேலும் குடிக்க வைக்கும். பொட்டலம் சட்டைப்பையில் அடங்கும், வாடை வீசாது, கழிப்பறைக் கதவைத் தாழிட்டால் போதும். ஆடுகளம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மது அருந்துவதை 1985ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதனால்தான் கோகைன் பொடி பரவியது என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். சனிக்கிழமை இரவு மதுக்கூடங்களில் நடப்பதே பிற்பகலில் மைதானத்திலும் நடக்கிறது. இரண்டு இடத்திலும் இருப்பவர்கள் ஒரே ஆட்கள்.

கேள்வி: 2021 ஜூலை 11 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் யூரோ எனப்படும் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தின்போது நடந்த அமளிக்குப் போதைதானே காரணம்?

பதில்: காரணங்களில் ஒன்று. லூயிஸ் கேசி தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. டிக்கெட் இல்லாத சுமார் 2,000 பேர் உள்ளே நுழைந்ததாக அது கூறுகிறது. குடியையும் போதைப்பொருளையும் அது மறைக்கவில்லை. ஆனால் மற்றவற்றையும் பாருங்கள். இங்கிலாந்து ஆடவர் அணி 1966க்குப் பிறகு எட்டிய முதல் பெரிய இறுதி ஆட்டம் அது. தொடக்கம் இரவு எட்டு மணிக்கு. கூட்டமோ காலையிலிருந்தே திரண்டுவிட்டது. கோவிட் கட்டுப்பாட்டால் உள்ளே இருக்கைகள் காலியாகக் கிடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாற்றுத்திறனாளிகளுக்கான வாயில்களைக்கூட விட்டுவைக்காமல் முட்டி மோதினார்கள். பழி முழுவதையும் பொடியின் தலையில் போட்டால், வாயில் ஏற்பாட்டுக்குப் பொறுப்பானவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

கேள்வி: கஞ்சா புகைத்தால் கூட்டம் அமைதியாகிவிடும் என்கிறார்களே?

பதில்: 2000ஆம் ஆண்டு யூரோ கோப்பையிலிருந்து வந்த பேச்சு அது. ஜூன் 12 அன்று, கஞ்சா கடைகளிலேயே கிடைக்கும் நெதர்லாந்தின் ஐந்தோவனில் போர்ச்சுகலிடம் 3-2 என்று தோற்ற பிறகும் இங்கிலாந்து ரசிகர்கள் பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஐந்து நாள் கழித்து, பெல்ஜியத்தின் சார்லெராய் நகரில், ஜெர்மனியுடனான ஆட்டத்தையொட்டிக் கைகலப்பு மூண்டது. உடனே கஞ்சாவுக்குப் புகழ்மாலை! எதிரணி வேறு, ஊர் வேறு, காவல் துறையின் அணுகுமுறை வேறு. இரண்டே ஊர்களை ஒப்பிட்டு எதையும் நிரூபிக்க முடியாது.

கேள்வி: கோகைனுடன் பிடிபட்டால் அபராதத்தோடு போய்விடுமா?

பதில்: போகாது. கோகைன் இங்கிலாந்தில் 'ஏ' பிரிவுப் போதைப்பொருள்; வைத்திருந்தாலே ஏழாண்டு வரை சிறை விதிக்கலாம். 2022 நவம்பரிலிருந்து, ஆட்டத்தையொட்டிய 'ஏ' பிரிவுக் குற்றங்களுக்கும் மைதானத் தடை ஆணை உண்டு. குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 10 ஆண்டு. தேசிய அணி வெளிநாட்டில் ஆடும்போது பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை. நான் பார்த்தவரை, அபராதத்தைச் சிரித்துக்கொண்டே கட்டுபவர்கள்கூட இந்தத் தடைக்கு முகம் சுண்டிப்போகிறார்கள்.

கேள்வி: மோப்ப நாய்களை நிறுத்தினால் தீராதா?

பதில்: நாய் பையில் இருப்பதைக் கண்டுபிடிக்கும். வரும் வழியிலேயே உறிஞ்சிவிட்டு வருபவரை என்ன செய்யும்?

கேள்வி: என் நண்பன் குடித்துவிட்டு இதையும் எடுக்கிறான். போன ஆட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முதலுதவிக் குழுவை அழைக்கப் பயமாக இருந்தது.

பதில்: நல்லவேளை, பிழைத்தான். அடுத்த முறை ஒரு நொடிகூடத் தயங்காதீர்கள். கோகைன் இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும், இதயத்துக்குச் செல்லும் குழாய்களைச் சுருக்கும். எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் பல மடங்கு கூடுகிறது. இளம் வயது அதற்குக் காப்பு அல்ல. மதுவும் சேர்ந்தால் கல்லீரலில் கோகாஎத்திலின் என்ற பொருள் உருவாகும். அது கோகைனைவிட நீண்ட நேரம் உடலில் தங்கும், இதயத்துக்கும் கூடுதல் கேடு. ஆகவே நெஞ்சுவலி, வலிப்பு, உடல் கொதிப்பு, பிதற்றல் எது வந்தாலும் அருகில் உள்ள பணியாளரைக் கூப்பிடுங்கள். வெளியே என்றால் 999 என்ற அவசர உதவி எண். எதை, எவ்வளவு, எப்போது எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சையே அதைப் பொறுத்து மாறும். முதலுதவிக் குழுவின் வேலை உயிரைக் காப்பாற்றுவதுதான், ஆள் பிடித்துக் கொடுப்பது அல்ல. வலி நின்றுவிட்டாலும் அவனை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், இந்த வாரமே.

கேள்வி: பத்து வயது மகனுடன் போகிறேன். பக்கத்து இருக்கைக்காரர் கண்முன்னே பொடி உறிஞ்சினால்?

பதில்: நேரடியாகத் தட்டிக் கேட்காதீர்கள். கோகைன் ஏறியவரிடம் நியாயம் பேசுவது ஆபத்து. பல கிளப்புகள் குறுஞ்செய்தியில் புகார் செய்ய ஓர் எண் வைத்திருக்கின்றன. இருக்கை எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பினால் போதும், புகார் செய்தது யார் என்று தெரியாமல் பணியாளர்கள் வருவார்கள். அடுத்த முறை குடும்பங்களுக்கான பகுதியில் டிக்கெட் எடுங்கள். கூச்சல் கொஞ்சம் குறைவாக இருக்கும்; பையன் பொருட்படுத்த மாட்டான்.