பி.பி. கிங் படிக்கவில்லையே என்கிறான் உங்கள் மகன்

பிளஸ் டூ முடித்ததும் கல்லூரி வேண்டாம், கிதார் போதும் என்று மகன் பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். "பி.பி. கிங் பள்ளியைக்கூட முடிக்கவில்லை, உலகம் அவரைக் கொண்டாடவில்லையா?" என்று, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் புகழ்பெற்ற அந்தக் கிதார் கலைஞரைக் காட்டி அவன் கேட்டால் உங்களுக்குப் பதில் வரவில்லை. பதில் இருக்கிறது, ஆனால் அது முழுக்க உங்களுக்குச் சாதகமாகவும் இல்லை, அம்மா.

முதலில் படிப்பு. ரைலி பி. கிங் (அதுதான் அவருடைய இயற்பெயர்) 1925-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், அடுத்தவர் நிலத்தில் விளைச்சல் பங்குக்குப் பயிர் செய்யும் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். மைல் கணக்கில் நடந்து போய் ஓரறைப் பள்ளியில் படித்தார். பருத்தி எடுக்கும் பருவம் வந்தால் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடையாது, வயல்தான். தாயையும் சிறு வயதிலேயே இழந்தார். அவர் படிப்பை உதறவில்லை, படிப்புதான் அவருக்குக் கிடைக்கவில்லை. இதை மகனிடம் சொல்லுங்கள், ஆனால் ஜெயித்துவிட்ட தொனியில் வேண்டாம். 1977-இல் யேல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்ததே என்று அவன் திருப்பிக் கேட்டால் கேட்கட்டும், அதுவும் உண்மைதான்.

நான் அவனிடம் பேசுவதாக இருந்தால் படிப்பை விட்டுவிட்டு, கிங் எப்படிப் பிழைத்தார் என்பதைப் பற்றித்தான் பேசுவேன். இண்டியனோலா ஊருக்கு அருகே பருத்திப் பண்ணையில் டிராக்டர் ஓட்டினார். சனிக்கிழமைகளில் கிதாரோடு தெருமுனையில் நிற்பார். பக்திப் பாட்டு கேட்டவர்கள் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். ப்ளூஸ் கேட்டவர்கள் காசு போட்டார்கள். 1946-இல் டிராக்டரின் புகைபோக்கியை உடைத்துவிட்டு, முதலாளிக்குப் பயந்து மெம்ஃபிஸ் நகருக்கு ஓடினார். உறவினரான புக்கா வைட் அங்கே பெயர்பெற்ற ப்ளூஸ் கலைஞர். சில மாதங்கள் அவரோடு இருந்தவர், திரும்பி வந்து, மறுபடி டிராக்டர் ஓட்டி, உடைத்ததற்கான பணத்தைக் கட்டி முடித்தார். பிறகுதான் 1948-இல் மீண்டும் மெம்ஃபிஸ் போனார். கடனை அடைத்துவிட்டுக் கிளம்பிய இந்தப் பகுதி ரசிகர்கள் சொல்லும் கதையில் அவ்வளவாக வராது.

இரண்டாவது முறை போனபோது அவர் செய்ததைக் கவனியுங்கள். ஒரு விடுதியில் இரவுக்கு 12 டாலருக்குப் பாடும் வேலை கிடைத்தது. ஆனால் வானொலியிலும் பாட வேண்டும் என்பது விடுதிக்கார அம்மாள் வைத்த நிபந்தனை. உடனே டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையத்துக்குப் போய், பெப்டிகான் என்ற டானிக்குக்கு விளம்பரப் பாட்டு பாடும் வாய்ப்பைப் பிடித்தார். அந்தச் சிறு நிகழ்ச்சியிலேயே தன் இரவுக் கச்சேரி எங்கே என்றும் அறிவித்துக்கொண்டார். பிறகு அதே நிலையத்தில் இசைத்தட்டு போடும் அறிவிப்பாளராகவும் ஆனார். "பீல் ஸ்ட்ரீட் ப்ளூஸ் பாய்" என்ற வானொலிப் பெயர் சுருங்கித்தான் பி.பி. ஆனது. டானிக் விற்பதை அவர் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை. உங்கள் மகன் நினைப்பானா? அதைத்தான் நான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

1952-இல் முதல் பெரிய வெற்றிப் பாட்டு. 1956-இல் மட்டும் 342 கச்சேரிகள். அவர் வாசிப்பிலும் குறை உண்டு: பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கும் 'கார்டு' (chord) வாசிப்பதில் தேர்ச்சியில்லை, பாடிக்கொண்டே வாசிக்கவும் வராது என்று அவரே சொல்லியிருக்கிறார். பாடுவார், நிறுத்துவார், கிதார் பதில் சொல்லும். அந்த ஒற்றைச் சுரத்தின் அதிர்வில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே மகனுக்குத் திறமை போதுமா என்று நீங்கள் தவிக்க வேண்டாம்.

பணத்தில்தான் அவர் நிறைய அடிபட்டார். பதிவு நிறுவன முதலாளிகள் அவருடைய பாட்டுகளில் தங்கள் புனைபெயர்களையும் எழுதியவர்களாகச் சேர்த்து, ராயல்டியில் பங்கு எடுத்துக்கொண்டார்கள். 1958-இல் அவருடைய இசைக்குழுவின் பஸ் விபத்தில் சிக்கியபோது இன்சூரன்ஸ் கைகொடுக்கவில்லை. கடன் முழுக்க அவர் தலையில் விழுந்தது. வருமான வரித் தொல்லை வேறு. 1968-இல் சிட்னி சைடன்பெர்க் என்ற கணக்காளர் மேலாளராக வந்த பிறகே நிலைமை சீரானது. "தி த்ரில் இஸ் கான்" என்ற பாட்டு அவரை எல்லோருக்கும் தெரிந்த பெயராக்கியபோது வயது 44. அதற்குள் இருபது வருட உழைப்பு கழிந்திருந்தது.

எனவே கல்லூரியா, கிதாரா என்று வீட்டில் வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். காலை ஷிஃப்ட் கல்லூரியில் பி.காம். கிடைத்தால் சேர்த்துவிடுங்கள், மாலை முழுக்க அவனுடையது. கணக்கு தெரிந்த கிதார் கலைஞனை ஏமாற்றுவது கஷ்டம். (பொறியியல் சேர்த்தால் அடங்கிவிடுவான் என்று கணவர் நம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அடங்கமாட்டான், அரியர்தான் சேரும்.) முதல் வருடத்திலேயே இசையில் ஏதாவது ஒரு வாராந்திர வேலை அவன் தேடிக்கொள்ள வேண்டும்: சிறுவர்களுக்கு வகுப்பு, ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுபிடி, கல்யாண வரவேற்புக் கச்சேரி, எதுவானாலும் சரி. வரும் பணத்தையும் கிதார் தந்திக்கும் பயணத்துக்கும் போகும் பணத்தையும் ஒரு நோட்டில் எழுதட்டும்.

சொந்தமாக மெட்டுப் போடுகிறான் என்றால், 2012-இல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டம் இசையமைப்பாளரின் ராயல்டி பற்றி என்ன சொல்கிறது என்பதை அவனே படித்துத் தெரிந்துகொள்ளட்டும். யாராவது ஒப்பந்தத்தை நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் ஒரு பிரதியை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டோடு அவனையும் அழைத்து வாருங்கள், கணவரும் வரட்டும்.