குழந்தை பிறந்தால் அடி நின்றுவிடுமா?

கேள்வி: என் தங்கை ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் கணவர் முதலிலிருந்தே சந்தேகப்படுகிறவர். போனை வாங்கிப் பார்ப்பார், யாரோடு பேசினாய் என்று குடைவார். முன்பு எப்போதாவது கை நீட்டியதுண்டு. திட்டமிடாமல் வந்த கர்ப்பம் இது. அதற்கப்புறம் அடி அதிகமாகிவிட்டது. முந்தாநாள் வயிற்றில் உதைத்திருக்கிறார். ஒருமுறை கழுத்தையும் நெரித்தாராம். "ரத்தம் போகவில்லை, குழந்தை அசைகிறது, ஆஸ்பத்திரி வேண்டாம்" என்கிறாள். குழந்தை முகத்தைப் பார்த்தால் அவர் மாறிவிடுவார் என்பது அம்மாவின் நம்பிக்கை. இருவரையும் சேர்த்து கவுன்சலிங் அழைத்துப் போகலாமா, டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத அக்கா

பதில்: கடிதம் கைக்கு வந்த அன்றே, நீங்கள் கொடுத்திருந்த எண்ணில் அழைத்து, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

கர்ப்பிணியின் வயிற்றில் அடி விழுந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்று போக முடியாமல் போயிருந்தால் இன்றாவது போக வேண்டும். அடியின் வேகத்தில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிரியலாம். அந்த ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கவும் செய்யும். அதனால் "ரத்தம் போகவில்லை" என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. அடிபட்ட உடனே போனால், குழந்தையின் இதயத் துடிப்பைக் குறைந்தது நான்கு மணி நேரமாவது தொடர்ந்து கவனிப்போம். தாயின் ரத்தம் ஆர்எச் நெகட்டிவ் வகை என்றால், குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் கலப்பதால் வரும் பாதிப்பைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் தேவைப்படலாம். எப்படி அடிபட்டது என்று மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். வழுக்கி விழுந்ததாகச் சொன்னால், எங்கே எதைத் தேட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாமல் போகும்.

அடுத்தது கழுத்து. அதை ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது அந்த வரிதான். கழுத்தை நெரித்தால் வெளியே ஒரு தழும்புகூட இல்லாமல் உள்ளே ரத்தக்குழாயில் காயம் ஏற்படலாம். குரல் மாறுவது, விழுங்க வலிப்பது, தலைசுற்றல் எதுவும் இருந்தால் தாமதிக்கக் கூடாது. துணைவரால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்கு என்கிறது 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. கர்ப்ப காலத்தில் விழும் அடியும் இதுபோன்ற எச்சரிக்கைதான். தங்கைக்கு இரண்டும் நடந்திருக்கிறது.

இப்போது அம்மாவின் நம்பிக்கைக்கு வருகிறேன். அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் நடப்பு வேறாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் சுமார் 24,000 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. பெரும்பாலான இடங்களில், கருவுற்ற பெண்களில் 4 முதல் 12 சதவீதம் பேர் கர்ப்பமாக இருந்தபோது அடிபட்டிருந்தார்கள். அவர்களில் கால்வாசி முதல் பாதிப் பேர் வயிற்றிலேயே குத்தோ உதையோ வாங்கியவர்கள். அடித்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் அந்தக் குழந்தையின் அப்பாக்கள். தன் குழந்தை உள்ளே இருக்கிறது என்று தெரிந்தும் அந்தக் கை நிற்கவில்லை. பிறந்த பிறகு மட்டும் தானாக எப்படி நிற்கும்? பிரசவத்துக்குப் பின் தூக்கமில்லாத இரவுகளில் வன்முறை தொடர்வதையும் கூடுவதையும் நானே பார்த்திருக்கிறேன்.

கர்ப்பம் அவரை மாற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். கர்ப்பத்துக்கு முன்பே அடித்தாரா என்பதுதான் அபாயத்தைக் கணிக்கும் முக்கியமான அடையாளம். உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது. சந்தேகம், போனைச் சோதிப்பது, யாரோடு பேசலாம் என்று தீர்மானிப்பது, திட்டமிடாத கர்ப்பம் ஆகியவையும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருபவை. துணைவரின் குடி, பெண்ணின் இளவயது, கையில் சொந்தப் பணம் இல்லாமை, இருவரில் ஒருவர் சிறுவயதில் வீட்டில் அடிதடி பார்த்து வளர்ந்தது என்று இன்னும் உண்டு. இவை அபாயத்தைக் கூட்டும் சூழல்கள், அடித்ததற்குச் சமாதானம் ஆகாது. குடிக்கிற எல்லோரும் மனைவியை உதைப்பதில்லை. தங்கை எதையோ தவறாகச் செய்துவிட்டாள் என்பது இந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை. இதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள்.

இருவரையும் சேர்த்து உட்கார வைக்கும் கவுன்சலிங் இப்போது வேண்டாம். அடிக்கிறவர் பக்கத்தில் இருக்கும்போது அவளால் உண்மை பேச முடியாது. பேசிவிட்டால் அதற்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். அதே காரணத்துக்காக நீங்களும் கணவரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது தங்கை ஐந்து நிமிடம் தனியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நர்ஸிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால், பரிசோதனை என்று சொல்லி அவளை மட்டும் உள்ளே அழைத்துக்கொள்வார்கள். காயங்களை மருத்துவக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள், பின்னால் சட்ட உதவி தேவைப்பட்டால் அது பயன்படும். அந்தக் குறிப்பு கணவர் கையில் கிடைக்காதபடியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"உடனே கிளம்பி வந்துவிடு" என்று வற்புறுத்தாதீர்கள். முடிவு அவளுடையது. தவிர, பிரிந்து கிளம்பும் நேரம்தான் பல பெண்களுக்கு மிக ஆபத்தானதாக இருக்கிறது, ஏற்பாடில்லாமல் கிளம்பக் கூடாது. அடையாள அட்டை, மருத்துவக் கோப்பின் நகல், கொஞ்சம் பணம், மாற்றுத்துணி ஆகியவை உங்கள் வீட்டில் இருக்கட்டும். நடு ராத்திரியில் போனில் சொல்ல உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முடிவு செய்துகொள்ளுங்கள். அதைக் கேட்டதும் காவல்துறையை அழைக்க வேண்டுமா, நீங்களே போக வேண்டுமா என்பதை இப்போதே அவளிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் உதவி எண்ணை அவள் போனில் வேறு பெயரில் பதிந்து வைப்பதும் நல்லது, ஆனால் அவர் போனைச் சோதிக்கிறவர் என்பதால் அழைத்த பதிவை அவள் ஒவ்வொரு முறையும் அழித்துவிட வேண்டும்.