பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஃபுட்பால் ஸ்டேடியம் தேவையா? கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

மீஞ்சூர்ப் பக்கம் வளாகம் வைத்திருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகம் 15,000 பேர் உட்காரும் ஃபுட்பால் ஸ்டேடியம் கட்டப்போகிறது என்று கொஞ்ச நாளாகப் பேச்சு. வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, பெரம்பூர் என்று யாரைப் பார்த்தாலும் இதைத்தான் கேட்கிறார்கள். நான் லீக்கில் கீழ் டிவிஷனில் லெஃப்ட் பேக் ஆடியவன், இப்போது ஃபுட்பால் கிரவுண்டு போட்டுக் கொடுக்கிற வேலை. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மற்றதற்குப் பதில் கீழே.

கேள்வி (பெரம்பூர்): அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லுங்க. கட்டலாமா, கூடாதா?

கிரவுண்டு கட்டட்டும், ஒன்றுக்கு மூன்றாகக் கட்டட்டும். ஸ்டேடியம் வேண்டாம்.

கேள்வி (எண்ணூர்): ரெண்டும் ஒண்ணுதானே சார்? கிரவுண்டு இல்லாம ஸ்டேடியமா?

பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஆடுகிற இடம் 105க்கு 68 மீட்டர், ஒன்றே முக்கால் ஏக்கருக்குச் சற்று மேலே. ஓரத்தில் விடுகிற இடத்தையும் சேர்த்தால் இரண்டேகால் ஏக்கரில் ஒரு முழு கிரவுண்டு முடிந்துவிடும். கேலரி என்று ஆரம்பித்தால்தான் செலவு பேயாகப் பிடிக்கும். பைல் அடிக்க வேண்டும், கூரை வேண்டும், கூட்டம் அவசரத்தில் வெளியேற வழி வேண்டும், ஆயிரக்கணக்கான பேருக்குக் கழிப்பறை, பார்க்கிங், தீயணைப்புத் துறை அனுமதி, அப்புறம் இதையெல்லாம் வருஷம் முழுக்கப் பூட்டி வைத்துப் பார்த்துக்கொள்ள வாட்ச்மேன். இதில் எதுவும் ஆடுகிறவன் காலுக்குப் போகவில்லை. ஒரு பக்கம் மட்டும் கேலரி போட்டு இரண்டாயிரம் பேர் உட்கார வைத்தால் போதும், எந்தப் பல்கலைக்கழகப் போட்டிக்கும் அதற்கு மேல் ஆள் வந்து நான் பார்த்ததில்லை.

கேள்வி (திருவொற்றியூர், மாணவர்): எங்க யூனிவர்சிட்டில 12,000 பேர் படிக்கிறோம். நாங்க வந்தாலே நிரம்பிடுமே?

தம்பி, உங்கள் காலேஜ் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது? நான் அந்த மாதிரி ஒரு வளாகத்தில் வேலை பார்த்தபோது மூன்றரைக்கே டிரைவர்கள் இன்ஜினைப் போட்டுவிட்டு ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள், நாலு மணிக்கு இடமே வெறிச்சோடிவிடும். வெயில் தாழ்ந்து மேட்ச் ஆரம்பிக்கிற நேரத்தில் நீங்கள் டிபிபி ரோட்டில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். மிச்சம் ஹாஸ்டல் பசங்க, அவர்களுக்கும் ராத்திரி அட்டெண்டன்ஸ் இருக்கும். போதாததற்கு நவம்பரில் செமஸ்டர், அரியர், மழை மூன்றும் சேர்ந்து வரும். 12,000 என்பது அட்மிஷன் கணக்கு, கேலரிக் கணக்கு அல்ல.

கேள்வி (வில்லிவாக்கம்): என் பெண் அமெரிக்காவில் படிக்கிறாள். அங்கே எல்லாத் தனியார் பல்கலைக்கழகமும் பிரம்மாண்டமாகக் கட்டுகிறதே, நாம் மட்டும் ஏன் சின்னதாக யோசிக்க வேண்டும்?

முதலில், அங்கே ஆடுவது அமெரிக்கன் ஃபுட்பால், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அதை விடுங்கள், கணக்கு பொருந்தும். ஒரு சீசனில் சொந்த ஊரில் ஆறு ஏழு மேட்ச்தான். அதற்காகத்தான் அவ்வளவும். அந்த மேட்சுக்கு டிக்கெட், டிவி பணம், பழைய மாணவர் நன்கொடை என்று வருமானம் இருக்கிறது, அப்படியிருந்தும் அங்கேயே சண்டை ஓய்ந்தபாடில்லை.

நியூ ஆர்லியன்ஸில் டுலேன் என்று ஒரு தனியார் பல்கலைக்கழகம். வளாகத்திலேயே 80,000 பேருக்கு மேல் கொள்ளும் ஸ்டேடியம் வைத்திருந்தார்கள். 1975இல் ஊருக்குப் புதிதாக சூப்பர்டோம் என்ற பெரிய கூரை போட்ட ஸ்டேடியம் வந்ததும் ஆட்டத்தை அங்கே மாற்றிக்கொண்டு, பழையதை இடித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய டோமில் இவர்கள் கூட்டம் ஒரு மூலைக்குக் காணாது. கடைசியில் 2014இல் வளாகத்துக்குள்ளேயே திரும்பி வந்து 30,000 பேருக்கு மட்டும் கட்டினார்கள். மாணவர் அறையிலிருந்து நடந்தே வருகிற தூரம். சொந்த ஸ்டேடியத்துக்கு ஆதரவாக ஒரு நியாயம் உண்டென்றால் அது இதுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளவைக் கவனியுங்கள். சிகாகோ பக்கம் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் சுமார் 85 கோடி டாலரில் புதிது கட்ட இறங்கியது, பழையதில் 47,000 இருக்கை, புதியதில் 35,000. பணம் இருக்கிறவனே இருக்கையைக் குறைக்கிறான், நாம் கூட்டுகிறோம்.

சிகாகோ பல்கலைக்கழகம் கதை இன்னும் வேடிக்கை. 1939 சீசனோடு அந்த ஆட்டத்தையே நிறுத்திவிட்டது. சும்மா கிடந்த ஸ்டாக் ஃபீல்டு கேலரிக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2ஆம் தேதி உலகின் முதல் அணு உலை ஓடியது. காலி கேலரிக்கு உலகத்தில் கிடைத்த உருப்படியான உபயோகம் அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி (மாதவரம்): ஐஎஸ்எல் டீமுக்கு வாடகைக்கு விடலாமே? கச்சேரி நடத்தலாமே?

ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக் டீமுக்கு வழக்கமான ஒரு சீசனில் உள்ளூர் மேட்ச் பத்துப் பன்னிரண்டு. சென்னையின் எஃப்சிக்குப் பெரியமேட்டில் 1993இல் திறந்த நேரு ஸ்டேடியம் இருக்கிறது, 40,000 பேர் கொள்ளும், சென்ட்ரலில் இறங்கி நடந்தே போகலாம். அதை விட்டு கும்மிடிப்பூண்டி லோக்கலில் மீஞ்சூர் வந்து இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து யார் வருவார்கள், மேட்ச் முடிந்து கடைசி வண்டியை எப்படிப் பிடிப்பார்கள்? கச்சேரிக்கும் இதே பாடுதான். மேலே சொன்ன நார்த்வெஸ்டர்னில் கச்சேரி அனுமதிக்கு அக்கம்பக்கத்துக்காரர்கள் கொடி பிடித்து, நகர மன்றத்தில் ஓட்டு சரிசமமாகி, மேயர் ஓட்டுப் போட்டுத்தான் தீர்ந்தது.

கேள்வி (மணலி): அந்த மண்ணில் கிரவுண்டே நிற்குமா அண்ணா? மழை வந்தால் ஏரிதானே?

நல்ல கேள்வி, இதை யாரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னைக்கு வருஷ மழை சுமார் 1,400 மில்லிமீட்டர், பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்தப் பக்கம் கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிற தாழ்ந்த நிலம். நான் இடம் பார்க்கப் போனால் முதலில் இரண்டடிக் குழி வெட்டச் சொல்லி ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவேன். மணல்சாரியாக இருந்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிடும். களியாக இருந்தால் டீ குடித்துவிட்டு வந்தாலும் ஊற்றின தண்ணீர் ஊற்றினபடி நிற்கும், மேலே தவளை குதிக்காத குறைதான்.

களி என்றால் பாதிச் செலவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில். மண்ணை வெட்டி எடுத்து, துளை போட்ட பைப்பை நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் சாய்வாகப் பல என்று மீன் முள் மாதிரி பதித்து, மேலே ஜல்லி, அதற்கு மேல் ஒரு அடி மணல். அந்த பைப் போய்ச் சேரும் வாய்க்கால் கிரவுண்டை விட மேடாக இருந்தால் வெளியே போக வேண்டிய தண்ணீர் உள்ளே வரும், அதனால் தொட்டியும் மோட்டாரும் வேண்டும். இதற்குக் கல்வெட்டு வைத்துத் திறக்க முடியாது என்பதால் நிர்வாகங்கள் இங்கேதான் கை வைக்கும், கேலரி மட்டும் ஜோராக நிற்கும்.

கேள்வி (புழல்): புல்லா, டர்ஃபா?

மூன்றில் ஒன்றாவது புல், ஒன்றாவது டர்ஃப், அதாவது செயற்கைப் புல். புல்லில் வாரம் ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் போஸ்ட் முன்னாடி வழுக்கை விழும். டர்ஃப் அதைப் போலப் பல மடங்கு தாங்கும், ஆனால் மே மாதம் மதியத்தில் 60 டிகிரிக்கு மேல் சுடும், எட்டுப் பத்து வருஷத்தில் உரித்துப் போட்டுப் புதிதாகப் போட வேண்டும். அந்தப் பணத்தை இன்றைக்கே தனியாக எடுத்து வைக்காதவன் டர்ஃப் பக்கம் போகவே கூடாது. புல்லுக்கு இன்னொரு சிக்கல், மீஞ்சூர் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறி ஐம்பது வருஷம் ஆகிறது. பெர்முடா புல் ஓரளவு தாங்கும். ஹாஸ்டல் கழிவுநீரைச் சுத்திகரித்து விட்டால் போர்வெல்லே தேவைப்படாது.

கேள்வி (கொளத்தூர்): நாக் மார்க்குக்காகக் கட்டுகிறார்கள் என்கிறார்களே?

நாக் என்பது கல்லூரி, பல்கலைக்கழகங்களின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு. விளையாட்டு வசதி இருக்கிறதா, மாணவர்கள் பயன்படுத்துகிறார்களா என்றுதான் பார்ப்பார்கள். கேலரிப் படியை எண்ண மாட்டார்கள்.

கேள்வி (வியாசர்பாடி): என் பையன் ஃபுட்பால் ஆடுறான் தம்பி. அதைக் கட்டினா எங்க புள்ளைங்களை உள்ள விடுவாங்களா?

அக்கா, ஸ்டேடியமாகக் கட்டினால் விட மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோடிகளைக் கொட்டியவன் கேட்டைப் பூட்டத்தான் பார்ப்பான். 2024 அக்டோபரில் நம்ம மாநகராட்சியே ஒன்பது ஃபுட்பால் கிரவுண்டைத் தனியாரிடம் கொடுத்து, ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது, எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கியது. டீமில் பதினாறு பையன், தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 2,880 ரூபாய், யார் வீட்டில் இருக்கிறது? வீடற்றோர் உலகக் கோப்பை வரைக்கும் ஆள் அனுப்பிய பேட்டை உங்களுடையது, அது கேலரியால் வரவில்லை, திறந்த கிரவுண்டால் வந்தது. மூன்று கிரவுண்டு இருந்தால் ஒன்றைச் சனி ஞாயிறு காலையில் சுற்றுவட்டார அகாடமிகளுக்கு விடச் சொல்லிக் கேட்க வாய் வரும். ஒரே ஸ்டேடியத்தில் கேட்டால் "புல் கெட்டுவிடும்" என்பார்கள், அதுவும் பொய் இல்லை.

கேள்வி (பெயர் வேண்டாம்): உங்களுக்கே அந்த கான்ட்ராக்ட் கிடைத்தால் இப்படிப் பேசுவீர்களா?

கேலரி வேலை நான் எடுப்பதில்லை, கிரவுண்டு வேலைதான். ஆக மூன்று கிரவுண்டு போடச் சொல்வதில் எனக்கு லாபம் இருக்கிறது, அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.